பேர்ப்பிணம்

கரைவலை இழுக்கப் போனவர்கள் வலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, "பர்னாந்து ஒதுங்கியிருக்காரு" என்று தெருவில் சொன்னபோது லீமாரோஸ் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சாளையைக் கீழே வைக்காமலே எழுந்து நின்றாள். எந்தப் பர்னாந்து என்று அவள் கேட்கவில்லை. பாம்பன் கடைத்தெருவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், கூடவே ஒரு நாயும் திரும்பிப் பார்க்கும் என்று அவள் புருஷன் சவேரியாரே சொல்லிச் சிரிப்பான். அந்தச் சவேரியார் பர்னாந்து வத்தையில் பாய் விரித்துப் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. போன அன்று சாயங்காலம் வாடை திரும்பி அடித்த அடியில் தென்னைகளே முறிந்தன, மரப்பலகை எம்மாத்திரம்? வத்தையின் சுக்கான் மட்டும் குந்துகால் பக்கம் வந்து சேர்ந்தது. அதே காற்றில் மண்டபத்து வத்தை ஒன்றும் போயிருந்தது. இரண்டிலும் போனவர்களில் பர்னாந்து என்ற பேர் இருவருக்குத்தான். ஒருவன் சவேரியார். மற்றவன் மண்டபத்து மிக்கேல்.

அந்தப் பேர் வந்த கதை கரையில் எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கு ஒரு விதமாக. சவேரியாரின் அப்பா வேதநாயகம் சொல்வது இது. பறங்கிக் கப்பல் வந்த காலத்தில் கரைச் சனம் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கியது. ஞானஸ்நானம் என்றால் ஞானத்தகப்பன் வேண்டும். அத்தனை பேருக்கு எங்கே போவது? கப்பலில் வந்த சிப்பாய்களையே வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எவன் முன்னால் போய் நின்றானோ அவன் பேர் இவன் தலையில் விழுந்தது. பர்னாந்து என்ற ஒருவன் காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கி, கடைசியில் மணலில் உட்கார்ந்துகொண்டே பிள்ளைகளை ஏற்றுக்கொண்டானாம். மறுநாள் கப்பலேறிப் போனவன் திரும்பி வரவே இல்லை. இத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு சாண் நிலம்கூட வைக்காமல் பேரை மட்டும் வைத்துவிட்டுப் போன தகப்பன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஆனாலும் அந்தப் பேர் தூத்துக்குடியிலிருந்து அக்கரை மன்னார் வரைக்கும் பிடித்துக்கொண்டது. அதற்கு அர்த்தம் உண்டென்றே யாருக்கும் தெரியாமலிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் பிரசங்கத்தில், துணிந்து பயணம் போகிறவன் என்று அர்த்தம் சொன்னார். சவேரியார் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தான். "கேட்டியா, துணிஞ்சு போறவனாம்" என்றான். லீமாரோஸ் அம்மியிலிருந்து தலை நிமிராமல், "போறதுக்கு ஒரு பேரு வச்சாகளே, திரும்பி வாரதுக்கு ஒரு பேரு வைக்கலையா?" என்று கேட்டாள். அவன் அதற்கும் சிரித்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான்.

உடல் கல்லறைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரையேற்றிப் போட்ட ஓடத்தின் நிழலில் கிடந்தது. மேலே சாக்குப் போர்த்தியிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, மூக்கைத் துண்டால் பொத்தியபடி கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடச் சொல்லிப் போய்விட்டார். முகத்தைப் பார்க்க யாரும் லீமாரோஸை விடவில்லை. பார்த்தாலும் சொல்வதற்கு அங்கே ஒன்றுமில்லை என்றார்கள். சாக்குக்கு வெளியே கால்களும் வலது கையும் தெரிந்தன. கையில் பச்சை குத்தியிருந்தது, ஒரு சிலுவையும் பர்னாந்து என்ற எழுத்தும். முதன்முதலாகத் தொழிலுக்குப் போகும்போது அந்தப் பேர்க்காரர்கள் எல்லோரும் குத்திக்கொள்வது அது. சொந்தப் பேரைக் குத்துவதில்லை. வெறும் மிக்கேலோ சவேரியாரோ வேற்றூர்க் கரையில் ஒதுங்கினால் யாருக்கு என்ன வந்தது? பர்னாந்து ஒதுங்கினால் அந்த ஊரில் எந்தப் பர்னாந்து வீடு பக்கமோ அந்த வீடு ஏற்க வேண்டும். தன் வீட்டுச் சாவாக எடுத்து, தன் குழியில் வைத்து, தன் சனம் அழ வேண்டும். பேர்ப்பிணம் என்பார்கள். முறை வைக்காமல் அழுதால் செத்தவனுக்கு வழி தெரியாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் முன்பின் தெரியாதவன் என்றால் பெண்கள் அண்ணன் முறை வைத்து அழுவார்கள். அண்ணன் என்று அழுதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

வேதநாயகம் உடலின் கால்மாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். லீமாரோஸ் வந்ததைப் பார்த்ததும் சாக்கின் நுனியை இழுத்து இடது கெண்டைக்காலை மூடினார். மூடுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். சவேரியாரின் இடது கெண்டைக்காலில் திருக்கை முள் ஏறிய வடு உண்டு, கட்டைவிரலை வைத்தால் பொருந்துகிற குழி. அந்த முள்ளைப் பிடுங்கியவரே வேதநாயகம்தான். இந்தக் கால் ஊறி உப்பியிருந்தது, ஆனால் குழியும் இல்லை, வடுவும் இல்லை. ஒரு பிணத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது பாவம் என்று தெரியாதவளில்லை, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது அவர் கூட்டத்தைப் பார்த்து, "நம்ம புள்ளதான்" என்றார். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அவள் அவரைத் தனியே கூப்பிட்டாள். "மாமா, கெண்டைக்காலைப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"அப்பறம்?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சுக்கான் வந்துருச்சு தாயி. நாப்பது வருசம் தொழில் பாத்தவன் நான். சுக்கான் தனியா வந்தா ஆள் வாரதில்ல. எனக்கு ஒரு புள்ளையப் பொதைக்கணும். கையில பேரு நம்ம பேருதான. இவன் எம்புள்ளையா இருந்துட்டுப் போகட்டும்."

"எங்கழுத்துல கெடக்குறதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அவன் வந்து நின்னான்னா மறுபடி கட்டிக்கிறான். அதுல என்ன போச்சு?" என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, அவர் சொன்னதை ஏற்கவும் முடியவில்லை. அண்ணே என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும், இது தன் ஆளில்லை என்று. அப்படித்தான் செய்வது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மதிய ரயிலில் மண்டபத்திலிருந்து ஜோதிமேரி வந்தாள். மிக்கேலின் மனைவி. மாமியார் காய்ச்சலில் கிடப்பதால் பக்கத்து வீட்டுப் பூமயிலைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். ஈஸ்டர் கழித்துக் கல்யாணமான பெண். வயிறு இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. ஓடத்தின் நிழலுக்கு வந்தவள் பிணத்தின் கையில் இருந்த பேரைப் பார்க்கவில்லை. முகத்தைக் காட்டச் சொல்லவில்லை. அரைஞாண் உண்டா, என்ன வேட்டி, எங்கே ஒதுங்கியது என்று, தேடி வந்தவள் கேட்க வேண்டிய எதையும் கேட்கவில்லை. சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த வலது பாதத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கட்டைவிரலும் அடுத்த விரலும் பிரியாமல் ஒட்டிப் பிறந்த பாதம். "எங்க வீட்டுக்காரவுக இல்ல" என்று சொல்லிவிட்டு, நேராகக் கல்லறைத் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் நடந்தாள். வேதநாயகம் பெருமூச்சு விட்டார். கூட்டத்தில் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

லீமாரோஸுக்கு மட்டும் தீரவில்லை. அவளும் கிணற்றுக்குப் போனாள். ஜோதிமேரி தோண்டியைப் பிடித்தபடி நின்றாள், தண்ணீர் இறைக்கவில்லை.

"வெரலப் பாத்துத்தான ஓடியாந்த?" என்று லீமாரோஸ் கேட்டாள்.

அந்தப் பெண் மறைக்கவில்லை. "அக்கா, யாருட்டயும் சொல்லிறாதீக."

"ஒம்புருசனை இங்கன போட்டுட்டு எப்பிடி இல்லங்குற? நாக்கு கூசலையா?"

"அழாத வரைக்கும் அவுக இருக்காகக்கா" என்றாள் ஜோதிமேரி. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மிக்கேலுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். மாமியாருக்கு இவளைக் கண்ணில் காட்டக் கூடாது. கழுத்தில் கயிறு இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு வாய்க் கஞ்சி. அது இறங்கிவிட்டால் பிறந்த ஊர் திருப்பாலைக்குடிக்கு வயிற்றோடு அனுப்பி விடுவார்கள், அங்கே அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை, அண்ணிதான் இருக்கிறாள். "பிள்ளை பிறக்குற வரைக்காவது. அது ஆம்பளப் பிள்ளையாப் பிறந்துட்டா போகச் சொல்ல மாட்டாக. நாளைக்கு மாமியா எந்திரிச்சு வந்து, அடையாளம் என்னான்னு கேட்டா ஒத்தை வெரல்ல தெரிஞ்சுபோகும். ஒங்க ஆளுன்னு பொதைச்சுட்டா யாரும் கேக்க மாட்டாக. நீங்க எடுத்துக்கங்கக்கா."

லீமாரோஸுக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பாள். "ஒனக்கு வேண்டாத சாவு எனக்கு வேணுமாக்கும்? எங்கழுத்துல கெடக்குறது மட்டும் வெறுங்கயிறா? நானும் அவரு வருவாருன்னுதான ஒக்காந்துருக்கேன். ரெண்டு பொட்டப்புள்ளைக வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கு. அதுகட்ட என்ன சொல்ல?" லீமாரோஸ் அவள் கையிலிருந்த தோண்டியைப் பிடுங்கித் தானே தண்ணீர் இறைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். தன் பங்குத் துன்பத்தை அடுத்தவள் தலையில் இறக்கி வைக்கப் பார்க்கிறாளே, என்ன பெண் இவள் என்று வழியெல்லாம் நினைத்தாள். கேட்கும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்பதையும் நினைத்தாள். தனக்கும் இத்தனை நாளாக ஒரு சொட்டு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளும் அழாமல்தான் அவனை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

குழி வெட்டியாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகிற நிலையில் உடல் இல்லாததால் எல்லாம் அங்கேயே நடந்தது. பாயில் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பாய் நீளம் பற்றவில்லை, பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சாமியார் ராமநாதபுரம் போயிருந்தபடியால் உபதேசியார் செபம் சொன்னார். அவர் முடித்ததும் சாவுக்கு முதல் குரல் எடுக்கிற அற்புதம்மாள் லீமாரோஸின் பக்கத்தில் வந்து நின்றாள். ஊரில் எந்தப் பெண்ணின் தாலியை இறக்குவதென்றாலும் அவள்தான் இறக்குவாள். வேதநாயகம் உடலின் மேல் விழுந்து, "ஏ மகனே" என்றார். கிழவர் குரலில் பொய் இல்லை. யாரை நினைத்து அழுதாரோ அவனுக்கு அது சரியான அழுகைதான்.

எல்லோரும் லீமாரோஸைப் பார்த்தார்கள். அவள் சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அண்ணே. அதைச் சொல்ல வாய் திறந்தபோது அவளுக்கு ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. அக்கரையிலிருந்து ஒரு பர்னாந்து இதே கரையில் ஒதுங்கினான். அவர்கள் வீடுதான் ஏற்றது. அன்று அவள் அண்ணே அண்ணே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், அழுகை நன்றாக இருந்தது என்று அற்புதம்மாளே மெச்சினாள். குளித்துவிட்டு வீட்டுக்கு வந்து மீன் வறுத்துச் சாப்பிட்டாள். நல்ல பசி. சவேரியார் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளெடுத்துக் கொடுத்தான். அந்த அக்கரைக்காரன் முகத்தை மறுநாளே மறந்துபோனாள். இப்போது மன்னாரிலோ வேறெங்கோ சவேரியார் ஒதுங்கியிருந்தால் அவனுக்கும் ஒருத்தி அப்படித்தான் அழுவாள். கையைப் பார்த்துவிட்டு, பேரைப் பார்த்துவிட்டு, அண்ணே என்பாள், பிறகு உலை வைக்கப் போவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது போதாது. சவேரியாருக்கு அது போதவே போதாது. அவனுக்காக எவளாவது ஒருத்தி அன்று இரவு சாப்பிடாமல் படுக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் பின்னால் ஜோதிமேரி பூமயிலின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். லீமாரோஸ் அவளைப் பார்க்காமலிருக்கத்தான் நினைத்தாள்.

"என்ன முறை வைக்கப் போற?" என்று அற்புதம்மாள் காதோரம் கேட்டாள். கேட்டவளுக்கு என்ன தெரியுமோ, என்ன தெரியாதோ.

"என்னையத் தனியா விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று லீமாரோஸ் கத்தினாள். "கரையில உக்கார வச்சுட்டுப் போயிட்டீகளே, சாமி." அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை. பாய்க்குள் கிடந்தவன் யாரென்பது அவளுக்கு மறந்துபோனது, பிறகு ஞாபகம் வந்தது, அப்போதும் அழுதாள். அவள் அழுதது சவேரியாருக்காக. அவன் இனி வரமாட்டான் என்று தனக்கே தன் வாயாலேயே சொல்லிக்கொண்டுவிட்டாள், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அற்புதம்மாளின் கை பின்னங்கழுத்துக்கு வந்தது. முடிச்சு பழையது, இறுகிப்போயிருந்தது. அவிழ்க்க முடியாமல் கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு போன இடத்தில் காற்றுப் பட்டதும் லீமாரோஸ் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். வேதநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். மாமனார் மருமகளைக் கும்பிடுகிறாரே என்று யாரும் ஆச்சரியப்படவில்லை, சாவு வீட்டில் என்னென்னவோ நடக்கும்.

உடலைக் குழிக்கு நகர்த்தத் தூக்கியபோதுதான் அந்தக் குரல் வந்தது.

"அண்ணே!"

ஜோதிமேரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வந்த வேகத்தில் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். மண்ணில் முழங்கால் போட்டு, பாய்க்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தை நெஞ்சோடு அணைத்து, ஒட்டிய விரல்களில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். "எண்ணே, எங்கண்ணே, ஏங்கூட ஒரு வார்த்தை பேசாமப் போறீகளே அண்ணே." அப்படி ஒரு அழுகையை அந்தக் கல்லறைத் தோட்டம் கேட்டதில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு மண்டபத்துப் பெண் எப்படி உருகுகிறாள், பேருக்கு உள்ள பாசம் பார்த்தாயா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். பூமயிலுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏட்டி, மாசமா இருக்குறவ, எந்திரிடி" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை.

லீமாரோஸ் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை இழுக்கவில்லை, தேற்றவும் இல்லை. ஜோதிமேரியின் ஒரு கை பாதத்தைக் கட்டியிருந்தது. இன்னொரு கை முந்தானைக்குள் கழுத்தடியில் இருந்தது. அண்ணே, அண்ணே என்று ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அந்த முஷ்டி உள்ளே இறுகிக்கொண்டே போனது. விலகிய முந்தானையில் விரல்களுக்கிடையே மஞ்சள் கயிறு ஒரு துண்டு தெரிந்தது. லீமாரோஸ் முந்தானையை இழுத்து அதை மூடிவிட்டாள்.